ராத்திரி நிரப்பிய தொட்டி காலையில் ஏன் குறைகிறது?

முல்லைப்பெரியாறு அணை பற்றிய செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை பழகிப்போயிருக்கும்: 'கசிவு நீர்'. ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் அணையின் உள்ளே இருக்கும் கேலரிக்குள் இறங்குவார்கள். சுவர் வழியாகக் கசிந்து வரும் தண்ணீரை அளப்பார்கள். அணையில் இத்தனை அடி தண்ணீர் நிற்கும்போது கசிவு இவ்வளவு இருக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்குள் இருந்தால் நிம்மதி.

1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை அது. கல்லும் சுண்ணாம்புச் சுர்க்கியும் சேர்த்துக் கட்டியது. எந்த அணையிலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். எவ்வளவு கசிகிறது, போன தடவையைவிடக் கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதனால்தான் கண்ணால் பார்த்துச் சொல்லாமல் அளந்து எழுதிவைக்கிறார்கள்.

அந்தத் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தேனிப் பக்கம் இறங்கி, வைகையில் சேர்ந்து, 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, மதுரைக்காரர்களின் குடத்துக்கு வருகிறது. 2017-ல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்டதை ஊரே சொல்லிச் சிரித்தது. ஆனால் அவ்வளவு தூரம் வந்த தண்ணீர் நம் வீட்டு மாடித் தொட்டியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக எங்கே போகிறது என்று எத்தனை வீட்டில் பார்த்திருப்பார்கள்?

மதுரையில் புதிதாகப் பெருகிய நகர்களில் இருக்கும் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே சம்ப், மாடியில் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் வகைத் தொட்டி. ஒரு நல்லதண்ணீர் இணைப்பு, ஓர் உப்புத்தண்ணீர் போர். வீட்டில் கணவன், மனைவி, அத்தை, நாலு வயதுப் பிள்ளை. பெயர் எதற்கு? பாதி வீடுகளில் இதே கதைதான்.

"ஏங்க, ராத்திரி பத்து மணிக்குத்தானே டேங்க்கை நிரப்பினோம்? காலையில குழாய் ஒழுங்கா வரலையே!"

"மோட்டார் பழசாயிடுச்சு. முழுசா ஏத்தியிருக்காது."

"மோட்டாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. சம்ப்பு ஓட்டையாப் போயிருக்கும். கட்டும்போதே நான் சொன்னேன்" என்பது அத்தையின் கட்சி.

வரவழைத்த பிளம்பரோ சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, பாத்ரூம் டைல்ஸை உடைச்சாத்தான் தெரியும்" என்கிறார். இப்படி ஆளுக்கொரு ஊகமாகவே இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. இதற்கிடையில் பிள்ளைக்கு இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. அதையும் தொட்டியையும் யாரும் சேர்த்து யோசிக்கவில்லை.

சுத்தியலை எடுக்கும் முன் மூன்று ராத்திரிகள் ஒதுக்கினால் போதும். செலவு என்று பார்த்தால் ஒரு டேப், ஒரு டார்ச், ஒரு பேனா.

முதல் ராத்திரி: அளந்து பாருங்கள்

எல்லோரும் படுக்கும் நேரத்தில் தொட்டியை நிரப்பி மோட்டாரை நிறுத்துங்கள். பாத்ரூம், சமையலறை, வாசல் குழாய் எல்லாவற்றையும் இறுக மூடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம், வாஷிங் மெஷின் போன்றவற்றுக்குப் போகும் குழாய்களையும் மறக்க வேண்டாம். பிறகு தொட்டியின் வாய் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை டேப்பால் அளந்து, நேரத்தோடு எழுதிவையுங்கள். டேப் தண்ணீரில் முங்க வேண்டியதில்லை, தொட்டால் போதும். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி அளவு எடுங்கள். ராத்திரி யாராவது கழிப்பறைக்குப் போக நேர்ந்தால் தனியாக ஒரு வாளித் தண்ணீர் பிடித்துவைத்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் கணக்கு கெட்டுவிடும்.

இனி கணக்கு. வட்டத் தொட்டியின் உள்விட்டத்தில் பாதியை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால், 1 செ.மீ. உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று கிடைக்கும். உள்விட்டம் 110 செ.மீ. என்றால் பாதி 55. விடை சுமார் 9.5 லிட்டர். அதாவது அந்தத் தொட்டியில் ஒரு விரற்கடை மட்டம் இறங்கினாலே ஏறக்குறைய ஒரு வாளி போய்விட்டது என்று அர்த்தம்.

நம் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு எடுத்த அளவுக்கும் காலை ஐந்து மணிக்கு எடுத்த அளவுக்கும் 12 செ.மீ. வித்தியாசம் வந்ததாக வைத்துக்கொள்வோம். 114 லிட்டர்! ஏழு மணி நேரத்தில் இவ்வளவு என்றால் மணிக்கு 16 லிட்டர். ஒரு நாளைக்கு 390 லிட்டர் போல. 15 லிட்டர் குடத்தில் 26 குடம். லாரித் தண்ணீர் வாங்குகிற கோடையில் இதை நினைத்தால் தூக்கம் வருமா? மோட்டார் அதிக நேரம் ஓடுவதையும் சேர்க்க வேண்டும். 1 ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்ட்.

மூடி போட்ட தொட்டியில் ஒரே ராத்திரியில் ஆவியாகிப் போகும் தண்ணீர் கணக்கில் வராது. எனவே 'வெயில் குடிச்சிருச்சு' என்று விட்டுவிட முடியாது.

இரண்டாம் ராத்திரி: வால்வை மூடுங்கள்

கசிவு தொட்டியிலா, குழாயிலா? இதைப் பிரித்துச் சொல்லும் ஒரே ஆள், தொட்டியிலிருந்து குழாய் கிளம்பும் இடத்தில் இருக்கும் கேட் வால்வு. அதை முழுக்க மூடிவிட்டு முதல் ராத்திரி செய்ததையே அப்படியே திரும்பச் செய்யுங்கள்.

வால்வு மூடியும் மட்டம் இறங்கினால், தொட்டியிலோ, குழாய் தொட்டிக்குள் நுழையும் இணைப்பிலோ, வால்வுக்கு முந்திய சிறு துண்டிலோதான் கோளாறு. தொட்டிக்கு அடியில் தளம் ஈரமாக இருக்கிறதா, பாசி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாரிலிருந்து ஏறும் குழாய் தொட்டியின் அடிப்பக்கத்தில் சேர்ந்திருந்தால் இன்னொரு சந்தேகமும் உண்டு. நடுவில் இருக்கும் ஒருவழி வால்வு பழுதானால், ஏற்றிய தண்ணீர் அதே வழியாகக் கீழே இறங்கிவிடும். குழாய் தொட்டியின் மேல்பக்கம், தண்ணீர் மட்டத்துக்கு மேலே திறந்திருந்தால் இந்தப் பிரச்னை வராது.

இன்னொரு விஷயம். பழைய கேட் வால்வுகள் கைப்பிடி முழுக்கச் சுற்றினாலும் உள்ளே முழுதாக மூடாது. மூடியபின் கீழே ஒரு குழாயைத் திறந்து பாருங்கள். குழாயில் தேங்கியிருந்த தண்ணீர் வடிந்தபிறகும் நூல் போல வந்துகொண்டே இருந்தால், முதலில் மாற்ற வேண்டியது வால்வைத்தான். சோதனைக் கருவியே பொய் சொன்னால் முடிவு எப்படிச் சரியாக வரும்?

நம் வீட்டில் வால்வை மூடிய ராத்திரியில் மட்டம் துளியும் அசையவில்லை. தொட்டிக்கு நற்சான்றிதழ் கிடைத்துவிட்டது. கசிவு குழாய்ப் பாதையில்.

மூன்றாம் நாள்: கேசரிப் பவுடர்

சுவரைப் பார்க்கும் முன் கழிப்பறையைப் பாருங்கள். வெளியே சொட்டாமல், சத்தம் போடாமல், தரையை நனைக்காமல் நாள் முழுக்கத் தண்ணீரை விழுங்கும் இடம் ஃபிளஷ் டேங்க்தான். அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் உப்புப் படிந்தோ, வெடித்தோ போனால் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் கோப்பைக்குள் வழிந்துகொண்டே இருக்கும். அது குறையக் குறைய மேல்தொட்டி நிரப்பிக்கொண்டே இருக்கும்.

கண்டுபிடிக்கச் சமையலறையிலேயே மருந்து இருக்கிறது. ஃபிளஷ் டேங்க் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டுக் கலக்குங்கள். அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யக் கூடாது. கோப்பையில் ஆரஞ்சு நிறம் இறங்கினால் வாஷர் கசிகிறது. நிறம் இறங்காமல் டேங்க்கின் நடுவிலுள்ள வழிகுழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தால், மிதவை சரியான உயரத்தில் அடைக்கவில்லை என்று அர்த்தம்.

நம் வீட்டில் கால் மணி நேரத்திலேயே கோப்பை கேசரி நிறமானது. "ஏம்மா, இதுக்கா டைல்ஸை உடைக்கச் சொன்னான் அந்தப் பையன்?" என்று அத்தை கேட்டது நியாயம்தான். தீர்வு ஒரு ரப்பர் வாஷர்.

ஒரு கசிவு இன்னொன்றை மறைக்கும்

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒன்றைச் சரிசெய்ததும் வேலை முடிந்தது என்று டேப்பை உள்ளே வைத்துவிடுகிறார்கள். பெரிய கசிவு நிற்கும்போதுதான் சின்னக் கசிவு தெரியவரும். எனவே வாஷர் மாற்றிய அன்றைக்கும் முதல் ராத்திரிச் சோதனையை ஒரு தடவை செய்துவிடுங்கள்.

நம் வீட்டில் அன்றைக்கு 2 செ.மீ. இறங்கியது. 19 லிட்டர். முன்பு போனதில் ஆறில் ஒரு பங்கு. ஆனாலும் எங்கோ போகிறது.

இப்போது வீட்டைச் சுற்றி நடக்க வேண்டும். குழாய் போகும் பாதையை நினைவில் வைத்து, வெளிச்சுவரையும் குழாய் முனைகளையும் பாருங்கள். உப்புத்தண்ணீர் ஓடும் குழாயில் மெல்லக் கசிந்தால், வெயிலில் தண்ணீர் காய்ந்து வெள்ளைக் கோடு மட்டும் நிற்கும். பித்தளை இணைப்பில் பச்சையாகப் பூத்திருக்கும். தொட்டால் ஈரம் இருக்காது. ஆனால் அந்த வெள்ளையும் பச்சையும் கசிவின் கையெழுத்து. கோடை வெயிலில் சுவர் காய்ந்துகிடக்கும்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் பாசியோ புல்லோ தளதளவென்று இருந்தாலும் அப்படித்தான். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளில் நடக்கும் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. கரையின் வெளிப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் பச்சை கூடினால் உள்ளே கசிகிறது என்று தெரிந்துகொள்வார்கள். வெளியே வரும் தண்ணீர் தெளிவாக இருந்தால் வெறும் ஊற்றுக் கசிவு. கலங்கலாக வந்தால் கரை மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறது, உடனே கவனிக்க வேண்டும்.

சுவருக்குள் ஈரம் என்றால் அது மூன்று வழிகளில் வரலாம். மழை பெய்த பிறகு மட்டும் கூடினால் மேல்தளம் அல்லது சுவர் விரிசல். குளித்து முடித்த பிறகு கூடினால் கழிவுநீர்க் குழாய் அல்லது டைல்ஸ் இடுக்கு. வெயில், மழை, இரவு, பகல் என்று பார்க்காமல் ஒரே மாதிரி இருந்தால் தொட்டித் தண்ணீர் ஓடும் குழாய். ஈரத் திட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு வாரத்தில் கோட்டைத் தாண்டியதா, சுருங்கியதா என்று சுவரே சொல்லிவிடும். ஈரம் தெரியும் இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் சுவருக்குள் கீழ்நோக்கி இறங்கி வந்துதான் வெளியே தலைகாட்டும். உடைப்பதாக இருந்தால் ஈரத்தின் மேல்முனையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

நம் வீட்டில் அந்த 19 லிட்டர், பின்பக்கச் சுவரில் பாத்ரூமுக்குத் திரும்பும் எல்போவில் இருந்தது. அரை அடி நீள வெள்ளைக் கோடு. இரண்டு மாதமாக அதன் பக்கத்தில்தான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள்

2017 செப்டம்பரில் இந்தியக் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றக் கிளம்பி, 2018 மே மாதம் திரும்பி வந்தது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட படகுகளில் நாலாபுறமும் கடல். ஆனால் குடிக்க, சமைக்க, படகுக்குள் இருக்கும் நன்னீர்தான் கதி. படகின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கிக் கிடந்தால் படகோட்டிகள் முதலில் பார்ப்பது அது உப்பா, நன்னீரா என்று. உப்பு என்றால் கடல் உள்ளே வருகிறது. நன்னீர் என்றால் குடிக்கிற தண்ணீர் வீணாகிறது. தண்ணீர் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

நல்லதண்ணீரும் போர்த்தண்ணீரும் இரண்டு குழாயில் ஓடும் வீடுகளிலும் இதே கேள்வியைக் கேட்கலாம். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், சாக்கடைத் தண்ணீராகவும் இருக்கலாம். சொட்டுகிற தண்ணீரைச் சுத்தமான எவர்சில்வர் தட்டில் பிடித்து வெயிலில் வையுங்கள். வெள்ளையாகப் படிவு கனமாக நின்றால் போர்த்தண்ணீர். லேசாக நின்றால் நல்லதண்ணீர். சோப்பு நுரையும் சொல்லும். போர்த்தண்ணீரில் நுரை எளிதில் வராது. டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். எந்தக் குழாய் என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

பிரஷர் பம்ப் வைத்த வீடுகளுக்கும் படகிலிருந்து ஒரு பாடம் உண்டு. குழாயில் அழுத்தம் குறைந்தால் பம்ப் தானாக ஓடும், அழுத்தம் வந்ததும் நிற்கும். நடுராத்திரியில் யாரும் குழாயைத் திறக்காதபோது அது 'டுர்ர்' என்று ஓரிரு விநாடி ஓடி நின்றால், பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எங்கோ கசிந்து அழுத்தம் குறைகிறது. பம்ப்பை விட்டு வெளியே போகும் குழாயின் வால்வை மூடிப் பாருங்கள். சத்தம் நின்றால் கசிவு வீட்டுக்குள். மூடியும் ஓடினால் கோளாறு பம்ப்பிலேயே, பெரும்பாலும் அதன் ஒருவழி வால்வில்.

சரிசெய்யும்போது

சொட்டும் குழாயைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். அடியில் 200 மி.லி. டம்ளரை வைத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில் நிரம்பினால் நாளைக்கு 19 லிட்டர், மாதத்துக்கு 576 லிட்டர். திருகுகிற பழைய குழாய் என்றால் உள்ளே வாஷர் மாற்றினால் போதும். கால் சுற்றில் திறக்கும் புதுக் குழாய் என்றால் உள்ளிருக்கும் ஸ்பிண்டிலை மாற்ற வேண்டும். அதே கம்பெனி, அதே அளவு வேண்டும் என்பதால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

டெஃப்லான் டேப்பை ஆண் திருகின் மேல், திருகுகிற திசையிலேயே இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போதே பிரிந்துவிடும். பித்தளைக் குழாயைப் பிளாஸ்டிக் இணைப்பில் பலம்கொண்ட மட்டும் முடுக்காதீர்கள். அன்றைக்குச் சொட்டாது. ஆனால் இணைப்பில் விழுந்த மயிரிழை விரிசல் மறுமாதம் சுவருக்குள் ஒழுகும். பி.வி.சி. குழாய்க்கு ஒரு பசை, வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. குழாய்க்கு வேறு பசை. ஒன்றுக்கு மற்றொன்று கூடாது. எம்-சீல் அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் தண்ணீர் வடிந்து, துடைத்துக் காய்ந்த இடத்தில்தான் ஒட்டும். ஓடுகிற தண்ணீர் மேல் அப்பினால் மறுநாள் கையோடு வந்துவிடும்.

மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கும் பி.வி.சி. குழாய் நாளடைவில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளிர் நிறப் பெயின்ட் அடித்தாலோ, மேலே உறை போட்டாலோ ஆயுள் கூடும்.

ஈரச் சுவருக்குள் வயரும் போகிறது என்பதை மறக்காதீர்கள். துளை போடவோ உடைக்கவோ முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். ஈரச் சுவரைத் தொடும்போது சுருக்கென்றால் எலக்ட்ரீஷியனைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். மின்கசிவில் தானாக அணையும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடுகளில் அதைப் போட்டுவிடுவது உயிருக்குக் காப்பு.

கசிவு இருவழிப் பாதை

இதுவரை சொன்னது வெளியே போகும் தண்ணீர். அதைவிடக் கவலைப்பட வேண்டியது உள்ளே வரும் தண்ணீர்.

மேல்தொட்டிக் கணக்கு நேரானதும், அத்தை விடவில்லை. "சம்ப்பையும் ஒரு தரம் அளந்து பாரும்மா." மறுநாள் தண்ணீர் விடும் முறை இல்லை. மோட்டாரும் போடவில்லை. மாலையில் அளந்தபோது சம்ப் மட்டம் குறையவில்லை, 2 செ.மீ. கூடியிருந்தது! 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலமுள்ள சம்ப்பில் 2 செ.மீ. என்றால் 60 லிட்டர். தண்ணீர் வராத நாளில், யாரும் நிரப்பாத சம்ப்பில் 60 லிட்டர் எங்கிருந்து வந்தது? இரண்டடி தள்ளி ஓடுகிறது வீட்டுக் கழிவுநீர்க் குழாய். பிள்ளையின் வயிற்றுப்போக்குக்கு இதுதான் காரணம் என்று அளவு டேப் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தத் தண்ணீரை அதற்குமேல் ஒரு வாய்கூடக் கொடுக்கலாமா? கொடுக்கக் கூடாது.

சம்ப் நிறைந்திருக்கும்போது விரிசல் வழியாக வெளியே கசியும். மட்டம் குறைந்து, சுற்றியுள்ள மண் ஈரமாக இருந்தால் அதே விரிசல் வழியாக உள்ளே வரும். தெருக் குழாய்க்கும் இதே விதிதான். தண்ணீர் விடும் நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்கும், ஓட்டை வழியாக வெளியே பீய்ச்சும். நிறுத்தியதும் குழாய் காலியாகும், அழுத்தம் போய்விடும். ஓட்டை இருக்கும் இடம் சாக்கடைக்குப் பக்கம் என்றால் அங்கே தேங்கியதை உள்ளே இழுத்துக்கொள்ளும். தெருக் குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சும்போது இந்த இழுப்பு இன்னும் பலமாகும். பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் கிடைக்காமல் போவது ஒருபுறம். உறிஞ்சுகிற வீட்டுக்கே அழுக்கு வருவது இன்னொரு புறம். டைஃபாய்டு, மஞ்சள் காமாலை, காலரா எல்லாம் நுழைகிற வழிகளில் இதுவும் ஒன்று.

எனவே தண்ணீர் வந்ததும் முதலில் வருவதைக் குடிக்கப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். செடிக்கோ, வாசல் தெளிக்கவோ ஆகும். கலங்கலோ நாற்றமோ இருந்தால் அன்றைக்குச் சம்ப்பில் விடாமல், மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் உடனே சொல்லுங்கள். தெருவில் குழாய் உடைந்து ஓடுவதைப் பார்த்தாலும் அப்படியே. குடிநீரில் வீட்டுக் குழாய் முனை வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. லேசான குளோரின் வாசனை வந்தால் முகம் சுளிக்க வேண்டியதில்லை, அது காவல்காரன்.

சம்ப்பில் மட்டம் கூடுவது உறுதியானால், அந்தத் தண்ணீரைக் குடிக்க, சமைக்க, பல் துலக்கப் பயன்படுத்த வேண்டாம். சம்ப்பைக் காலிசெய்து, சுவரில் எங்கிருந்து ஈரம் ஊறுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் குழாய் நுழையும் துளை, சுவரும் தரையும் சேரும் மூலை, மர வேர் நுழைந்த விரிசல் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். உள்ளே இறங்குவது ஆள் வைத்துச் செய்யும் வேலை. நெடுநாள் மூடிக்கிடந்த சம்ப்பில் நச்சு வாயு தேங்கியிருக்கலாம், காற்றில் ஆக்ஸிஜன் குறைந்திருக்கலாம். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, மோட்டார் இணைப்பைத் துண்டித்து, வெளியே ஒருவர் நிற்க, அதன்பிறகே யாரும் இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் அடுத்தவர் பதறிப்போய்க் குதிக்கக் கூடாது. ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான்.

நீர்க்கசிவு தடுக்கும் கலவை சேர்த்துப் பூசி, அது இறுகும்வரை நாள் கொடுத்து, கழுவி நிரப்பியபின், 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் என்ற கணக்கில் ஈரம் படாத புதிய பிளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்து, கசடு அடியில் தங்கியபின் மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்தலாம். குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்து ஆற்றிக் குடிப்பது எப்போதும் நல்லது. பழுது முடிந்தபின் தண்ணீர் வராத ஒரு நாளில் சம்ப்பை மறுபடி அளந்து, மட்டம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று தெரிந்தபிறகுதான் நிம்மதியாக இருக்கலாம்.

நம் வீட்டில் மொத்தம் மூன்று கசிவு. ஃபிளஷ் டேங்க் வாஷர், பின்சுவர் எல்போ, சம்ப்பின் குழாய்த் துளை. டைல்ஸ் ஒன்றுகூட உடையவில்லை. அத்தை சொன்னது போலச் சம்ப்பிலும் ஓட்டை இருந்தது. ஆனால் அவர் நினைத்தது போல அது தண்ணீரை வெளியே விடவில்லை, உள்ளே விட்டது.

இப்போது அந்த வீட்டுச் சமையலறைக் காலண்டரில் மாதத்தின் முதல் ஞாயிறு தேதிக்குக் கீழே இரண்டு எண்கள் எழுதப்படுகின்றன. ஒன்று மேல்தொட்டி, ஒன்று சம்ப். எழுதுவது அத்தை. பக்கத்திலேயே 'கசிவு நீர்' என்று தலைப்பும் போட்டிருக்கிறார்.